இடுப்பும் பொறுமையும்

பொறுமை பூஷணம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பூஷணந்தான், சந்தேகமில்லை. ஆனால் இடுப்பு மூட்டுத் தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசிக் கொண்டிருக்கும் ஆசாமி ஒருவர் அந்தப் பூஷணத்தைப் பதினான்கு மாதம் கழற்றாமல் அணிந்திருக்க வேண்டுமென்றால், அதன் கனம் சற்று அதிகமாகவே தெரிகிறது.

நமக்கு வயது நாற்பத்தாறு. இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிக உபாத்தியாயர் உத்தியோகம். இடது தொடையெலும்பின் தலை உட்காரும் குழி பிறவியிலேயே ஆழம் குறைவாம். நாற்பத்திரண்டு வருஷ காலம் ஒரு வார்த்தையும் பேசாமலிருந்த அந்த இடுப்பு, பிறகு பேசத் தொடங்கியது. இன்றுவரை வாய் மூடவில்லை.

எக்ஸ்-ரே படத்தைப் பார்த்த டாக்டர், "செயற்கை மூட்டுத்தான் வைக்க வேண்டும். ஆனால் உமக்கு வயது போதாதே!" என்றார். வயது போதாதென்று யாராவது சொல்லிக் கேட்டு எத்தனை காலமாயிற்று! சந்தோஷப்படுவதா, துக்கப்படுவதா என்று தெரியவில்லை. செயற்கை மூட்டும் தேய்கிற பொருள்தானே? சிறு வயதில் வைத்தால் ஆயுள் முடிவதற்குள் மறுபடியும் மாற்ற நேரிடலாம் என்பது அவர் கவலை. ஆகவே, காத்திருப்போர் ஜாபிதாவில் பெயர் ஏறுவதற்கே இரண்டு வருஷம் காத்திருந்தோம்.

இந்த ஜாபிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1948 ஜூலை 5-ந் தேதி இங்கிலாந்தில் பொது வைத்திய சேவை தொடங்கிற்று. வாசலில் யாரும் பணம் கேட்பதில்லை; மகத்தான காரியந்தான். பணம் கேட்காத இடத்தில் காலத்தைக் கேட்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்குப் பதினெட்டு வாரத்திற்குள் சிகிச்சை தொடங்க வேண்டுமென்று விதி இருக்கிறது. 2016-க்குப் பிறகு வருஷக்கணக்காக அந்த விதி ஏட்டில்தான் இருந்தது. 2020-ல் கொரோனா வந்து, அவசரமில்லாத ரண சிகிச்சைகளை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். அதற்கு முன் சுமார் 45 லட்சமாக இருந்த ஜாபிதா, 2023-ம் வருஷத்து இலையுதிர் காலத்தில் 77 லட்சத்தைத் தொட்டது. ஒருவரே இரண்டு வியாதிக்குக் காத்திருப்பதுண்டாகையால் தலைகளின் எண்ணிக்கை சற்றுக் குறைவு. அது பெரிய ஆறுதலல்ல.

இடுப்பு வலியால் யாரும் சாவதில்லை. புற்று நோய்க்காரரும் இருதய நோய்க்காரரும் நமக்கு முன்னால் போகட்டும், நியாயமே. ஆனால் வலி, நடமாட்டம், உடை உடுத்தல், மனக்கலக்கம் ஆகியவற்றைப் பற்றிக் கேள்வி கேட்டு மார்க் போடும் முறை ஒன்று டாக்டர்களிடம் இருக்கிறது. அதில் பூஜ்யத்திற்குக் கீழே போனால், மரணத்தைவிடத் தாழ்ந்த நிலை என்று பொருள். 2019-ல் எடின்பரோவிலிருந்து வெளியான ஆராய்ச்சியில், இடுப்பு மாற்றத்துக்குக் காத்திருந்தவர்களில் நூற்றுக்குப் பத்தொன்பது பேர் அந்த நிலையில் இருந்தார்கள். 2021-ல் வெளியான பிறிதோர் ஆராய்ச்சியில் அது முப்பத்தைந்தாகிவிட்டது. ஓர் இரவு தூக்கம் வராமல் நாமும் அந்தக் கேள்வித்தாளை எடுத்துப் பூர்த்தி செய்தோம். விடைத்தாள் திருத்திப் பழகிய கையல்லவா? பூஜ்யத்திற்கு மேலேதான் கிடைத்தது. எவ்வளவு மேலே என்பதைச் சம்சாரத்திடம் சொல்லவில்லை.

தூக்கமில்லாத இரவுகளில்தான் ஜான் சார்ன்லி என்ற டாக்டரின் கதையைப் படித்தோம். லங்காஷயர் என்றால் நம்மவர்களுக்குத் துணி மில்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த ஜில்லாவில் ரைட்டிங்டன் என்னுமிடத்தில், முன்பு க்ஷயரோக ஆஸ்பத்திரியாக இருந்த கட்டடத்தில், அவர் இடுப்பு மாற்றுச் சிகிச்சையை உருவாக்கினார். முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்தார். நூற்றுக்கணக்கானவர்கள் வலி நீங்கி நடந்தார்கள். சில வருஷத்தில் கிண்ணங்கள் தேய்ந்து, அவர்களெல்லோரும் திரும்பி வந்தார்கள். அந்தப் பொடி உடம்பில் என்ன செய்கிறதென்று அறியத் தம் தொடையிலேயே அதைச் செலுத்திப் பார்த்தாராம்! பிறகு, தறிகளின் பல்சக்கரத்துக்கென்று ஒரு வியாபாரி கொண்டுவந்த பாலிஎதிலீன் துண்டை அவர் அலட்சியம் செய்துவிட்டார். அவருடைய உதவியாளர் ஹாரி கிரேவன் அதை யந்திரத்தில் மாட்டித் தேய்த்துப் பார்த்தார். அது தேயவே இல்லை என்று சொல்லும்படி இருந்தது. 1962 நவம்பரில் அந்தக் கிண்ணம் முதல் மனித இடுப்பில் ஏறியது. மில் துணியின்மேல் நமக்குள்ள பழைய கோபம் எப்படியிருந்தாலும், அந்தத் தறிச் சக்கரத்துக்கு ஒரு நமஸ்காரம் செய்தோம்.

சென்னையிலிருந்து சிநேகிதர் ஒருவர், "புறப்பட்டு வாரும், பத்து நாளில் முடித்துவிடலாம்" என்று எழுதினார். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். புது மூட்டோடு பத்து மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. மாதக்கணக்கில் அங்கே தங்கப் பள்ளிக்கூடம் இடங்கொடாது.

வலிப்பது இடது இடுப்பாயிருக்க, தடியை வலது கையில் பிடிப்பதேன் என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். அன்றைய பாடத்தை மூடிவிட்டு நெம்புகோல் தத்துவத்தை எடுத்துக் கொண்டோம். ஒற்றைக் காலில் நிற்கும்போது உடல் மறுபக்கம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் தசை, மூட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகையால் மிகுந்த பலத்தோடு இழுக்க வேண்டும். மூட்டின் மேல் விழும் பாரம் உடல் எடையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. எதிர்க் கையிலுள்ள தடி வெகு தூரத்திலிருந்து தாங்குவதால், சிறிதளவு ஊன்றினாலும் தசைக்குப் பெரிய சகாயம். பையன்கள் அந்தப் பாடத்தை மறக்கவில்லை என்பது பரீட்சையில் தெரிந்தது.

மற்றபடி, தினம் இருபது நிமிஷம் தேகப் பயிற்சி. தசை பலமாயிருந்தால் சிகிச்சைக்குப் பின் சீக்கிரம் நடக்கலாமாம். வாரத்துக்கொரு முறை ஆஸ்பத்திரிக் குமாஸ்தாவுக்கு டெலிபோன்: "யாராவது வராமற்போனால் ஒரு நாள் முன்னதாகச் சொன்னாலும் போதும், நான் வருகிறேன்." வேறு ஆஸ்பத்திரி கேட்கும் உரிமை இங்கே நோயாளிக்கு உண்டென்பதை அந்தக் குமாஸ்தா அம்மாள்தான் சொன்னார். கேட்டோம், நாற்பது மைலுக்கப்பால் ஓரிடத்தில் தேதி கிடைத்திருக்கிறது.

இன்னும் பதினொரு நாள். சமையலறை நாற்காலிக்கடியில் கட்டை கொடுத்து உயர்த்தியாயிற்று. லீவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. குனிந்து முடிச்சுப் போட வேண்டாத செருப்பு ஒரு ஜோடியைச் சம்சாரம் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். தேதி மாறிவிடுமோ என்று வேறெதையும் இன்னும் எடுத்து வைக்கவில்லை.