எப்போதிலிருந்து?

மனநலப் பிரிவின் கேஸ் ஷீட்டில் பெயர், வயது, ஊர், உடன் வந்தவர் யார் என்பதெல்லாம் முடிந்ததும் முறையீடு எழுதப்படுகிறது. அதற்குப் பக்கத்திலேயே ‘எவ்வளவு காலமாக’ என்று ஒரு சிறிய இடம் இருக்கும். முறையீட்டை எழுதுவது பெரிய வேலை இல்லை. தூக்கம் இல்லை, தலை பாரம், நெஞ்சு படபடக்கிறது, கைகால் எரிகிறது, குளிப்பதில்லை, தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறார் என்று வந்தவர்களே அடுக்கிவிடுவார்கள். காலத்தைக் கேட்டதும் பேச்சு தடுமாறும். ‘ரொம்ப நாளாங்க’ என்பார் ஒருவர். ‘இல்ல, இப்பத்தான் ஒரு மாசமா’ என்பார் பக்கத்தில் நிற்பவர். காலை ஓ.பி.யில் வராண்டா முழுக்க ஆள் நிற்கும்போது, இரண்டில் ஒன்றை எழுதிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடத் தோன்றும். இன்று பல இடங்களில் அதுதான் வழக்கமாகவும் ஆகிவிட்டது. ஹிஸ்டரி எடுப்பது என்ற வேலையில் பாதி, அந்தச் சிறிய இடத்தைச் சரியாக நிரப்புவதில் இருக்கிறது.

மனச்சோர்வையோ மனச்சிதைவையோ உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. அறிகுறிகளும் அவை நீடித்த காலமும் சேர்ந்தே நோயின் பெயரைத் தீர்மானிக்கின்றன. வாட்டமும் ஆர்வமின்மையும் பெரும்பாலான நேரம் 2 வாரமாவது நீடித்தால்தான் மனச்சோர்வு நோய். மிதமான வாட்டம் 2 ஆண்டுக்கு மேல் இழுத்துக்கொண்டே போனால் அதற்கு வேறு பெயர். மனச்சிதைவுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு ஒரு மாதத்தைக் கணக்கில் கொள்கிறது. அமெரிக்க வகைப்பாடு 6 மாதம் கேட்கிறது. துக்கத்துக்கும் இதே கணக்குதான். கருமாதி முடிந்த வாரத்தில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பவருக்கு நோய்ப் பெயர் எதுவும் வேண்டியதில்லை. முதலாண்டுத் திதி கழிந்த பிறகும் அதே நிலையில் இருந்தால் பார்த்தாக வேண்டும்.

காலத்துக்கு இந்த இடத்தை வாங்கிக்கொடுத்தவர் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின். ஹைடல்பெர்க் மருத்துவமனையில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட்டு, நோய் எப்படித் தொடங்கியது, எப்படிப் போனது, எதில் முடிந்தது என்று குறித்துவைத்தார். ஒருநாள் பார்வையில் ஒரே மாதிரி தெரிந்தவர்கள், ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தபோது இரண்டு கூட்டமாகப் பிரிந்தார்கள். விட்டுவிட்டு வந்து இடையில் தேறிக்கொள்பவர்கள் ஒரு பக்கம், தொடர்ந்து தேய்ந்துகொண்டே போகிறவர்கள் இன்னொரு பக்கம். 1899இல் வந்த அவருடைய பாடநூலின் 6ஆம் பதிப்பு இந்தப் பிரிவினையை நிலைநாட்டியது. இன்றைய இருதுருவ நோயும் மனச்சிதைவும் தனித்தனி நோய்களாக நிற்பது அந்த அட்டைகளின் புண்ணியத்தில்.

தொடக்கம் எவ்வளவு வேகமாக இருந்தது என்பதும் கேட்கப்பட வேண்டியது. நேற்று வரை பேரனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த முதியவர் இன்று மாலை மகளை அடையாளம் தெரியாமல் பேசினால், அது மறதி நோயாக இருக்க வாய்ப்பு குறைவு. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவற்றைத் தேட வேண்டும். மறதி நோய் மாதங்களில், ஆண்டுகளில் வளர்வது. கால் முறிந்து எலும்பு வார்டில் படுத்திருப்பவர் இரண்டாம் மூன்றாம் நாளில் சுவரில் பூச்சி ஊர்வதாகப் பிடிக்கப் போனால், கடைசியாக எப்போது குடித்தார் என்று வீட்டாரிடம் கேட்க வேண்டும். திடீரென்று குடி நின்றதால் வரும் இந்தக் குழப்பம் உயிரையே எடுக்கக்கூடியது. மனநல வார்டுக்கு மாற்றச் சொல்லிச் சீட்டு எழுதுவதற்கு முன் அதைக் கவனிக்க வேண்டும். பிரசவமான பெண் மூன்றாம் நாள் காரணமில்லாமல் அழுவது பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானாக அடங்கும். அதே இரண்டு வாரத்துக்குள் தூங்காமல், குழந்தை தன்னுடையதில்லை என்று சொல்லத் தொடங்கினால் அன்றைக்கே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இவை பாடப்புத்தகத்தில் உள்ளவைதான். படித்தவர்கள் கேட்பதில்லை என்பதுதான் வருத்தம்.

கேட்டாலும் பதில் சுலபமாகக் கிடைத்துவிடாது. குடும்பங்கள் நோயின் தொடக்கத்தைத் தேதியால் நினைவு வைத்திருப்பதில்லை, காரணத்தால் நினைவு வைத்திருக்கின்றன. வேலை போனதிலிருந்து, காதல் முறிந்ததிலிருந்து, பங்காளி வீட்டில் சாப்பிட்டதிலிருந்து, சுடுகாட்டுப் பக்கம் போய்வந்ததிலிருந்து என்றுதான் கதை தொடங்கும். காரணம் ஒன்று கையில் கிடைத்ததும் அதற்கு முந்தியதெல்லாம் நினைவிலிருந்து அழிந்துவிடுகிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த மகனை ஒரு தாய் அழைத்து வருவதாக வைத்துக்கொள்வோம். உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“தம்பி எப்பலேர்ந்தும்மா இப்படி இருக்காரு?”

“வேலைய விட்டு நிப்பாட்டுனதுலேர்ந்துதாங்க சார். ஆவணில. அந்த மனவேதனைதான்.”

“அதுக்கு முந்தின பொங்கலுக்கு ஊருக்கு வந்தாரா?”

“வந்தான் சார்.”

“வந்து என்ன பண்ணாரு? கூட்டாளிகளோட வெளிய போனாரா? மாட்டைக் குளிப்பாட்டினாரா?”

“இல்லீங்க. ரூமுக்குள்ளயேதான் கெடந்தான். அசதின்னு விட்டுட்டோம்.”

“அதுக்கு முந்தின தீபாவளிக்கு?”

“துணியே எடுத்துக்கலைங்க. பணம் எதுக்கு வீணான்னான்.”

வேலை போனதால் நோய் வந்ததாகத் தொடங்கிய கதை, நோய் வந்ததால் வேலை போனதாகத் திரும்பிவிட்டது. ஆவணியில் தொடங்கியது என்று எழுதியிருந்தால் இது வாழ்க்கை நெருக்கடியால் வந்த மனவருத்தம். ஆறுதலும், போகட்டும் என்று இன்னொரு வேலைக்கான யோசனையும் சொல்லி அனுப்பலாம். முந்தைய தீபாவளிக்கு முன்பே தொடங்கியிருக்கிறது என்றால், மெல்ல ஊர்ந்து வரும் மனச்சிதைவின் முன்கட்டமா என்று பார்க்க வேண்டும். மருந்தில்லாமல் கழிந்த காலம் கூடக்கூடத் தேறுவதும் கடினமாகிறது என்பதால், அந்தப் பத்து மாத வித்தியாசம் எழுதுபவரின் அக்கறையின்மையால் காணாமல் போகக் கூடாது. சென்னையில் 1980களின் தொடக்கத்தில், முதன்முதலாக மனச்சிதைவுக்குச் சிகிச்சைக்கு வந்த 90 பேரை இருபதாண்டுக்கும் மேல் பின்தொடர்ந்த ஆய்வு உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படுகிறது. அத்தகைய ஆய்வுக்கு அடித்தளமே, எப்போது தொடங்கியது என்பதைப் பொறுமையாகக் கேட்டு எழுதியதுதான்.

பழைய மனநல சமூகப் பணியாளர்கள் உணர்ச்சிகளைப் பற்றி நேரடியாகக் கேட்பதைக் குறைத்துக்கொண்டு, அன்றாட வேலைகளைக் கேட்பார்கள். ‘எப்போதிலிருந்து சோகமாக இருக்கிறாள்?’ என்றால் யாருக்கும் பதில் தெரியாது. ‘போன மார்கழியில் வாசலில் கோலம் போட்டாளா?’ என்றால் மாமியாருக்குத் துல்லியமாகத் தெரியும். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்தாரா, பெரியவன் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று சிரித்தாரா, குலதெய்வக் கோயில் கிடாவெட்டுக்குப் பந்தியில் பரிமாறினாரா, போன சம்பா அறுப்பு நேரத்தில் வயலுக்கு வந்தாரா என்று கேட்கக் கேட்கக் காலம் பிடிபடும். டெல்டாக்காரர்களுக்கு 2018 நவம்பரில் வந்த கஜா புயல் ஒரு மைல்கல், நாகப்பட்டினத்துக் கடற்கரையில் 2004 சுனாமி, எல்லோருக்கும் 2020 ஊரடங்கு. மனநலம் என்பது ஏதோ உள்ளே ஒளிந்திருக்கும் பொருள் போலப் பேசப்படுகிறது. அது முதலில் கெடுவது கோலத்திலும் குளியலிலும் பக்கத்து வீட்டுப் பேச்சிலும்தான், வீட்டார் அதைப் பார்த்துமிருக்கிறார்கள்.

நம்பிக்கை சார்ந்த வைத்தியங்களும் காலக்கணக்குக்கு உதவும். குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் இருந்தோம் என்றால் 48 நாள் என்று கணக்கு உறுதியாகிறது. எந்த மாதம் என்று மட்டும் கேட்டால் போதும். ஏர்வாடி தர்கா, மந்திரித்துக் கட்டிய தாயத்து, சோழி போட்டுப் பார்த்தவர் சொன்ன செய்வினை என்று வரிசையாகக் குறித்துக்கொண்டால், நோய் கூடிய நேரங்களும் குறைந்த நேரங்களும் தெரியவரும். அதைக் கேட்டதும் முகம் சுளிக்கும் இளம் மருத்துவர்கள் உண்டு. சுளித்த முகத்தைப் பார்த்த குடும்பம் அடுத்த தகவலைச் சொல்லாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றி, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களுக்குப் பக்கத்தில் நம்பிப் பேச ஒரு மருத்துவமனை இருந்ததா என்பதையும் சேர்த்துத்தான் அந்தத் தீயைப் பேச வேண்டும்.

கிடைத்ததையெல்லாம் ஒரு கோட்டில் வரைவது அடுத்த படி. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பணியாற்றிய அடால்ஃப் மேயர் இதை வாழ்க்கை வரைபடமாக மாணவர்களுக்குக் கற்றுத்தந்தார். தாளின் ஓரத்தில் ஆண்டுகள். ஒரு பக்கம் வாழ்வில் நடந்தவை, மறு பக்கம் உடலிலும் மனதிலும் கண்ட மாற்றங்கள். ஓ.பி. சீட்டின் பின்பக்கமே இதற்குப் போதும். வரைந்து முடிக்கும்போது, யாரும் முறையிடாத ஒரு மேடு கண்ணில் படுவதுண்டு. ஆறு வருடத்துக்கு முன் ஒரு மாதம் தூங்காமலே உற்சாகமாகத் திரிந்தார், கடன் வாங்கி மூன்று கடை திறக்கப் போவதாகச் சொன்னார், பார்த்தவர்களுக்கெல்லாம் பணம் கொடுத்தார் என்று மனைவி சிரித்துக்கொண்டே சொல்வார். ‘அப்ப நல்லாத்தான் இருந்தாரு.’ அந்த மேட்டைத் தவறவிட்டு, இன்றைய சோர்வுக்கு மட்டும் மாத்திரை எழுதினால், அதே மருந்து அவரை மறுபடி அந்த உச்சத்துக்குத் தள்ளிவிடலாம். இருதுருவ நோய்க்கான மருந்தே வேறு.

யாரிடம் கேட்பது என்பதும் தனிக் கலை. கணவன் பக்கத்தில் நிற்கும்போது மனைவி சொல்லும் காலமும், அவரை மாத்திரை வாங்க அனுப்பிவிட்டுக் கேட்கும்போது அவள் சொல்லும் காலமும் வேறு. முதலில் நோயாளியிடம், பிறகு அவர் சம்மதத்துடன் உடன் வந்தவரிடம் என்பதே முறை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தரங்கத்தை நோயாளியின் உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. நான்கு பேர் எட்டிப் பார்க்கும் மேசையில் உட்கார்ந்துகொண்டு இந்த உரிமையைக் காப்பது எப்படி என்பதைச் சட்டம் எழுதியவர்கள் வந்து காட்டினால் நல்லது.

சாவைப் பற்றிய கேள்விக்கும் காலம் உண்டு. கேட்டால் எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்ற பயம் தவறு. கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பாரம் இறங்கியதாகவே உணர்கிறார்கள். இருந்து என்ன பயன் என்று தோன்றுவது எப்போதிலிருந்து, தினமும் தோன்றுகிறதா, வழி யோசித்தது உண்டா, அது எப்போது என்று படிப்படியாக இறங்க வேண்டும். பழைய எண்ணம் இந்த வாரம் திட்டமாக மாறியிருந்தால் அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இத்தனையும் இருக்க, இப்போது பிரபலமாகியிருப்பது 9 கேள்விப் படிவம். 2001இல் பரவலாக அறிமுகமான இந்த மனச்சோர்வு அளவுகோலில் ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டும். அதன்மேல் குற்றமில்லை. 2015-16 தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போதே ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்ததாகக் கண்டது. அத்தனை பேரையும் உட்காரவைத்து வரைபடம் போட ஆளில்லை. ஆரம்பச் சுகாதார நிலையத்துச் செவிலியர் சலித்தெடுக்கப் படிவம் வேண்டும். ஆனால் அந்தப் படிவம் கேட்பது கடந்த 2 வாரத்தை மட்டும். பனியன் கம்பெனி இளைஞனின் தீபாவளி அதில் இல்லை, மூன்று கடைக் கனவும் இல்லை. வடிகட்டுவதற்குச் செய்யப்பட்ட அதை முடிவாகவே எடுத்துக்கொண்டு, கைப்பேசியில் ஒருவரே போட்டுப் பார்த்து ‘எனக்கு 16’ என்று வருவதும், அந்த 16க்கு மருந்து எழுதப்படுவதும் நடக்கின்றன. கேஸ் ஷீட்டிலோ ‘2 வருடமாக’ என்று முதல் தடவை எழுதியதை ஒவ்வொரு பயிற்சி மருத்துவரும் பார்த்தெழுதி, நோயாளி ஐந்தாவது ஆண்டாக வரும்போதும் நோய்க்கு 2 வயதாகவே இருக்கிறது. இரண்டு நாள் சான்றிதழ் வகுப்பு முடித்து ஆலோசகர் பலகை மாட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையும் கிடையாது. அவர்கள் கேட்பதே இல்லை. ‘பாசிட்டிவா யோசிங்க’ என்று நேராகப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

சிகிச்சை தொடங்கிய பிறகு அதே கேள்வி திரும்ப வருகிறது, இம்முறை தேறியது எப்போதிலிருந்து என்று. மனச்சோர்வு மாத்திரை வேலை காட்ட 2 முதல் 4 வாரம் ஆகும். குமட்டலும் தலைவலியும் முதல் வாரத்திலேயே வரும். இதை முன்கூட்டிச் சொல்லாததால் பத்தாம் நாள் மாத்திரையை நிறுத்தியவர்கள் ஏராளம். முதலில் தூக்கம் சீராகும், பசி வரும். ஆர்வமும் நம்பிக்கையும் கடைசியில்தான். தூக்கம் வந்ததும் குணமாகிவிட்டதாக நினைத்து நிறுத்துவது அடுத்த சறுக்கல். முதல்முறை வந்த மனச்சோர்வுக்கே, முழுதும் தேறிய பின் 6 மாதமாவது மருந்து தொடர வேண்டும்.

மனநலப் பிரிவுக்கு உறவினரை அழைத்து வருகிறவர்கள் முந்தின இரவு ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு வரலாம்: அவர் கடைசியாக எந்தப் பண்டிகையில் இயல்பாக இருந்தார், தூக்கம் எந்த மாதத்தில் கெட்டது, எந்த வேலையை முதலில் விட்டார், இதற்கு முன் இப்படியோ இதற்கு நேர்மாறாகவோ இருந்தது உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்கு இருந்தது. பழைய மருந்துச் சீட்டுகளை, கிழிந்திருந்தாலும், தூக்கிப்போடாமல் கொண்டு வரவும். நேரில் வருவதற்கு முன் பேச வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. நாள் முழுவதும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.