கடைசி ஓவரை யாரிடம் கொடுப்பது?

செமஸ்டர் லீவில் உருப்படியாக என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் என் பதில் ஒன்றுதான்: 'இன்டர்நேஷனல் கிரிக்கெட் கேப்டன்' ஆடினேன். 1998-ல் கம்ப்யூட்டருக்கு வந்த கேம், இப்போது போனிலும் கிடைக்கிறது. பட்டனை அழுத்தி சிக்ஸர் அடிக்கிற ரகம் இல்லை. நாம் கேப்டன், அவ்வளவுதான். யார் பௌலிங், ஃபீல்டு எப்படி, அடித்து ஆடணுமா கட்டை போடணுமா என்று முடிவு செய்துவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். டோல்கேட்டில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரல் வருவதற்குள் முக்கால் இன்னிங்ஸ் ஓடிவிடும் :-)

இதில் எனக்குப் பிடித்த தலைவலி கடைசி ஓவர்கள். டி20-ல் ஒரு பௌலருக்கு 4 ஓவர்தான். அடுத்தடுத்து இரண்டு ஓவர் போடவும் முடியாது. நம்மிடம் இருப்பதே ஒரு நல்ல டெத் பௌலர், அவருக்கு இரண்டு ஓவர் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். 18-ம் 20-ம் கொடுக்கலாம், இல்லை 17-ம் 19-ம் கொடுக்கலாம்.

நம்ம ஆட்கள் யோசிக்காமல் 18, 20 என்பார்கள். கடைசி ஓவர் என்றால் பெரிய கைதானே போடணும்! ஆனால் கொஞ்சம் கணக்கு பாருங்கள். 12 பந்தில் 24 வேண்டும். 19-வது ஓவரை ஒரு சுமார் பௌலர் போட்டு 18 கொடுத்துவிட்டால், கடைசி ஓவருக்கு 6 ரன்தான். அப்புறம் பும்ராவே வந்தாலும் எதைக் காப்பாற்றுவார்? அதையே மாற்றி, நல்லவர் 19-ல் 6 மட்டும் கொடுத்தால் கடைசி ஓவரில் 18 வேண்டும்.

எப்படிப் போட்டாலும் மொத்தம் 24 தானே என்று கேட்பீர்கள். ஆனால் 6 பந்தில் 18 வேண்டும் என்கிறவன் எல்லாப் பந்தையும் தூக்கித்தான் ஆகணும், விக்கெட் விழும். 6 வேண்டும் என்கிறவன் ஒன்று, இரண்டு என்று தட்டியே ஜெயித்துவிட்டுப் போவான். அது மட்டுமில்லை, மேட்ச் 19-லேயே முடிந்துவிட்டால் பத்திரமாக எடுத்து வைத்த அந்த ஓவர் சாப்பிடாமலே ஊசிப்போன பிரியாணி கதைதான்.

இந்த வியாதி நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் பேஸ்பாலிலும் உண்டு. அங்கே முதலில் பந்து போடுகிற பிட்ச்சர் களைத்ததும் 'ரிலீஃப் பிட்ச்சர்' வருவார். வெளியே போனவர் அந்த மேட்சில் திரும்ப வர முடியாது. அதனால் யாரை எப்போது இறக்குவது என்பது மேனேஜருக்குப் பெரிய சோதனை. முன்னணியில் இருக்கும்போது வந்து மேட்சை முடித்துக் கொடுக்கிறவருக்கு 'சேவ்' என்று ஒரு கணக்கு, 1969-லிருந்து அதிகாரபூர்வமாக எழுதுகிறார்கள். அந்தக் கணக்குக்காகவே சிறந்த ஆளைக் கடைசி இன்னிங்ஸுக்கு என்று பூட்டி வைக்கிற பழக்கம் வந்தது.

2016 அக்டோபர் 4, டொரன்டோ. தோற்றால் வீட்டுக்கு என்கிற மேட்ச். பால்டிமோர் அணியில் ஸாக் பிரிட்டன் என்று ஒருவர். அந்த சீசனில் 47 சேவ் வாய்ப்பு, 47-ம் வெற்றி. ஸ்கோர் 2-2 என்று சமமாகி 11-வது இன்னிங்ஸ் வரை போனது. முன்னணி கிடைத்ததும் இறக்கலாம் என்று மேனேஜர் பக் ஷோவால்டர் அவரை வைத்திருந்தார். முன்னணி வரவே இல்லை. வேறொரு பிட்ச்சரை டொரன்டோவின் என்கார்னாசியோன் தூக்கி அடிக்க 5-2, மேட்ச் காலி. பிரிட்டன் ஒரு பந்துகூடப் போடவில்லை. அதே சீசன் கடைசியில் கிளீவ்லேண்ட் அணியோ ஆண்ட்ரூ மில்லரை ஐந்தாவது இன்னிங்ஸிலேயே கூட இறக்கி, இறுதித் தொடர் வரை போனது.

ஆக, சிறந்த ஆளைக் கடைசியில் இல்லை, ஆபத்து எப்போதோ அப்போது போடணும். சரி, அப்படிப் போட்டாச்சு. கடைசி ஓவரை யாரிடம் கொடுப்பது? இதற்குத்தான் கேமில் பதில் இல்லை.

2019 மே 12, ஹைதராபாத், ஐபிஎல் ஃபைனல். நம்ம ஊர்க்காரர்கள் மறக்க நினைக்கிற மேட்ச். மும்பைக்காக பும்ரா 17-ம் 19-ம் போட்டு முடித்துவிட்டார். கடைசி ஓவரில் சென்னைக்கு 9 ரன் வேண்டும். மலிங்கா அதுவரை 3 ஓவரில் 42 கொடுத்திருந்தார், அதில் 16-வது ஓவரில் மட்டும் 20. ஹர்திக் பாண்டியாவோ ஒரே ஓவர் போட்டு 3 ரன்தான் கொடுத்திருந்தார். ஸ்கோர்கார்டை மட்டும் பார்க்கிறவன் ஹர்திக்கிடம்தான் கொடுப்பான். ரோஹித் சர்மா மலிங்காவிடம் கொடுத்தார். 7 ரன். கடைசிப் பந்தில் ஷர்துல் தாக்கூர் எல்பிடபிள்யூ. ஒரு ரன்னில் கப் போச்சு.

எங்க ஏரியா டீமிலும் ஒரு பையன் இருக்கிறான், ப்ளஸ் டூ. எட்டு ஓவர் பெட் மேட்சில் கடைசி ஓவரில் அடி வாங்கித் தோற்றோம். அதற்கப்புறம் நாலு நாள் டீக்கடைப் பக்கமே அவன் தலை தெரியவில்லை. கேமில் தோற்றால் பழைய சேவ் ஃபைலைத் திறந்து மறுபடி ஆடலாம். தெருவில் அந்த வசதி கிடையாது.

அடுத்த ஞாயிறு மறுபடி நெருக்கடி. எங்க கேப்டன் அண்ணன் ஹார்பரில் வேலை பார்ப்பவர், நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தார். ஏழாவது ஓவரை எங்க பெஸ்ட் பௌலரிடம் கொடுத்தார். எனக்கு ஒரே சந்தோஷம், நம்ம தியரி! எட்டாவது ஓவருக்கு அந்தப் பையனைக் கூப்பிட்டார்.

"அண்ணே, போன வாரம் இவனத்தானே பொளந்தாங்க?"

"நீ போன்ல ஆடுற. இவன் இதே தெருவுல நடக்கணும்டா. இன்னைக்கு குடுக்கலன்னா இனிமே பந்தே கேக்க மாட்டான்."

ஐந்து பந்து அருமையாகப் போட்டான். கடைசிப் பந்து எட்ஜ் வாங்கி கீப்பர் பக்கத்தில் ஃபோர். தோற்றோம். பெட் காசும் போச்சு. ஆனால் அதற்கு அடுத்த ஞாயிறு முதல் ஆளாக வந்து ஸ்டம்ப் நட்டவன் அவன்தான்.

என் கேமில் ஒவ்வொரு ஆளுக்கும் ஃபார்ம் காட்டுகிறது. அடி வாங்கிய ஆளை எத்தனை நாள் நம்பலாம் என்று காட்டுவதில்லை. 19-வது ஓவரைக் கணக்கு பார்த்துக் கொடுங்கள். 20-வதைக் கொடுக்கும்போது ஆளையும் ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள்.