பட்டைக்கு அடியில் இருந்த நிறம்

ஆர்கேட் பெட்டியின் தலையில், ஆட்டத்தின் பெயரைத் தாங்கி உள்ளிருந்து ஒளிரும் பலகைக்கு மார்க்கீ என்று பெயர். இரவில் மருந்துக்கடை வாசலில் உள்ளே ட்யூப்லைட் எரியும் பெட்டிப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதேதான். வேலையும் ஒன்றுதான்: இருட்டில் தூரத்தில் நிற்பவனைக் கூப்பிடுவது. அதை ஓவியமாக மட்டும் நினைத்து நகலெடுத்தால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி வெளிச்சம்.

போன வருடம் என்னிடம் வந்தது சென்டிபீட் பெட்டியின் மார்க்கீ. 1981-இல் அடாரி வெளியிட்ட ஆட்டம். டோனா பெய்லியும் எட் லாகும் உருவாக்கியது. ட்ராக்பாலை உருட்டியபடி, காளான்களுக்கு நடுவே நெளிந்து இறங்கும் பூரானைச் சுட வேண்டும். அடாரி இருந்த சன்னிவேலில்தான் நானும் வேலை பார்க்கிறேன்.

பெட்டி என்னோடு வேலை செய்யும் பெண்ணுடையது. சரியாகச் சொன்னால் அவளுடைய அண்ணனுடையது. பன்னிரண்டு வயதில் ஆர்கேடில் கால் டாலர் காசுகளாகத் தொலைத்தவர், தொண்ணூறுகளில் பழைய பெட்டி ஒன்றையே வாங்கி கராஜில் வைத்துவிட்டார். ஒன்பது வயது இளையவளான அவள் ஆடக் கற்றது அந்தக் கராஜில்தான். அண்ணன் இறந்து, வீட்டைக் காலி செய்தபோது மார்க்கீ குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. ஒட்டிப் பயனில்லை. பின்னால் விளக்குப் போட்டால் விரிசல் வெள்ளைக் கோடாக எரியும்.

"அதே மாதிரி ஒண்ணு பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டாள்.

அதே மாதிரி. கோடு எழுதுகிறவனுக்கு எளிமையான வாக்கியம். காப்பி, பேஸ்ட்.

ஸ்கேனரின் மூடியைக் கழற்றிவிட்டு, அக்ரிலிக்கைத் துண்டு துண்டாக ஸ்கேன் செய்து கணினியில் தைத்தேன். பிறகு ஒவ்வொரு வளைவையும் இங்க்ஸ்கேப்பில் மேலே வரைந்து எடுத்தேன். மூலத்தை அச்சிட்டது ஸ்க்ரீன் பிரின்டிங்கில். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மை, தனிச் சட்டம், அக்ரிலிக்கின் பின்பக்கத்தில் கண்ணாடிப் பிம்பமாக. கடைசியில் ஒரு வெள்ளைப் பூச்சு. ட்யூப்லைட்டின் கோடு வெளியே தெரியாமல் ஒளியைப் பரப்புவது அந்த வெள்ளைதான். இன்றைய டிஜிட்டல் அச்சு நாலு மைகளைப் புள்ளிகளாக இறைத்து நிறத்தை ஏமாற்றி வரவழைக்கும். பகலில் கண்டுபிடிக்க முடியாது. விளக்கைப் போட்டால் கறுப்பு கறுப்பாக நிற்காது, சாம்பலாகக் கசியும். அதனால் கறுப்பை இரண்டு முறை அச்சிட்டோம்.

இதெல்லாம் தீர்க்கக்கூடிய சிக்கல்கள். தீராதது நிறம்.

என் கையிலிருந்த பலகை ட்யூப்லைட்டுக்கு முன்னால் பல வருடம் எரிந்தது. சில நிறங்கள் வெளிறி, சில அப்படியே நின்று, மொத்தப் படத்தின் சமநிலையும் மாறியிருந்தது. ஆனால் மேலும் கீழும் அதைப் பிடித்திருந்த உலோகப் பட்டைகளுக்கு அடியில், ஒரு விரல் அகலத்துக்குக் கூட இல்லாத ஓரத்தில், வெளிச்சம் படவே இல்லை. அங்கே 1981 அப்படியே இருந்தது. முதலில் பார்த்தபோது வேறு யாரோ அச்சிட்ட பலகை என்றே தோன்றியது. அவ்வளவு உரக்கப் பேசும் நிறங்கள்.

எந்த நிறத்தை நகலெடுப்பது? ஓரத்து நிறம் என்றுதான் எந்தப் பொறியாளரும் சொல்வார். ஆதாரம் இருக்கிறது, அளக்கலாம். அப்படியே செய்தேன். மூலையில், பட்டைக்குள் மறையும் இடத்தில், 'நகல்' என்றும் அச்சிட்ட வருடத்தையும் சேர்த்தேன். நாளைக்கு யாரும் இதை அசல் என்று விற்றுவிடக் கூடாது.

அவள் வீட்டில் பொருத்தி, கராஜ் விளக்கை அணைத்து, மார்க்கீ விளக்கைப் போட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அழகா இருக்கு," என்றாள். "ஆனா இது அவன் பெட்டி மாதிரி இல்லையே."

ஓரத்து நிறத்தைக் காட்டி விளக்க ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே புரிந்தது. அவள் தவறாக நினைவு வைத்திருக்கவில்லை. அவள் பார்த்தது முழுக்க மங்கிய பலகையைத்தான். அண்ணனும் தங்கையும் முப்பது வருடத்துக்கு மேல் ஒரே ஆட்டத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், இருவர் மனதிலும் வேறு வேறு நிறங்களோடு. இரண்டுமே அசல். ஸ்கேனர் அதில் ஒன்றைத்தான் அளக்கும்.

"அப்போ பன்னிரண்டு வயசுல அவன் பார்த்தது இதுதானா?" என்று கேட்டாள்.

"ஏறக்குறைய."

இரண்டு கோப்புகள் கொடுக்கிறேன், மங்கிய நிறத்திலும் ஒன்று அச்சிடலாம் என்றேன். வேண்டாம் என்றாள். மங்கலை மையால் அச்சிட்டால் அது வேஷம் போட்ட மாதிரி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். நான் கேட்கவில்லை.

புதியது பெட்டியில் எரிகிறது. விரிசல் விட்ட பழையதை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, மெல்லிய துணியில் சுற்றி, வீட்டுக்குள் அலமாரியில் வைத்திருக்கிறாள். "அங்க வெச்சா இன்னும் மங்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

வெளிச்சம் படாத வரைக்கும் மங்காது என்றேன். இப்போது எந்த நிறத்தில் இருக்கிறதோ, அதிலேயே நிற்கும்.

"அது போதும்," என்றாள்.