அடிக்குறிப்பின் ஆண்டு

விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தில் எவரும் எழுதலாம். ஆயின் எழுதியதற்கு ஆதாரங் காட்டல் வேண்டுமென்பது அதன் விதி. வசனத்தின் ஈற்றிலே சிறிய இலக்கமொன்று நிற்கும். அதனைத் தொடர்ந்து சென்றால் ஆசிரியர், நூல், ஆண்டு, பக்கம் என்பன கிடைக்கும். இலக்கத்தைக் கண்ட மாத்திரத்தே ஐயம் நீங்கிவிடுவோரே பலர்.

2008ஆம் ஆண்டில் அமெரிக்க மாணவன் ஒருவன் பிரேசில் நாட்டிலே கோவாட்டி என்னும் விலங்கைக் கண்டான். ஆபிரிக்காவில் மாத்திரம் வாழும் ஆர்ட்வார்க் என அதனை மயங்கியவன், பின்னர் கோவாட்டி பற்றிய கட்டுரையில் 'பிரேசில் ஆர்ட்வார்க் எனவும் வழங்கும்' என விளையாட்டாகச் சேர்த்துவிட்டான். ஆதாரம் எதுவுங் காட்டினானல்லன், எவரும் கேட்டாருமல்லர். பத்திரிகையாளர் சிலர் அப்பெயரை எடுத்தாண்டனர். ஈற்றில், 2010இல் வெளிவந்த இலண்டன் நாளிதழ்க் கட்டுரையொன்று அக்கூற்றுக்கே உசாத்துணையாயிற்று! தந்தையின் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் மகன் கையொப்பமிட்ட கதைதான். 2014இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்று இதனை வெளிப்படுத்தியது.

அவ்வடிக்குறிப்பின் அமைப்பிலே பிழையில்லை. பத்திரிகையும் மெய், கட்டுரையும் மெய், பெயரும் அதிலே உண்டு. ஆண்டுதான் பொருந்தவில்லை: கூற்றுக்கு இரண்டு வயதான பின்னரே அதன் ஆதாரம் பிறந்தது. ஆதாரத்தைத் திறந்து படித்தவர்கூட ஏமாந்திருப்பர். மூலநூலைக் காணாது பிறர் அடிக்குறிப்பைப் பெயர்த்தெழுதுதல் பல்கலைக்கழக ஆய்வேடுகளிலும் அருமையன்று; ஆங்கு அதனைக் கண்டுபிடித்தல் கடினம். விக்கிப்பீடியாவோ ஒவ்வொரு திருத்தத்தையும் நாளும் நேரமுமிட்டு 'வரலாறு' என்னும் பக்கத்திற் காத்துவைக்கின்றது. மாணவன் சேர்த்த அச்சொற்களின் நாளும் அங்கே எவரும் பார்க்கத்தக்கதாகவே இருந்தது.