வாசலில் அமீனா வந்தால்...

"உங்க வீட்டுக்காரருக்கு கோர்ட்டுல வேலையா? அப்ப உங்களுக்கென்ன பயம்!" என்பார்கள் எங்கள் பாடாலூரில். எனக்குச் சிரிப்புதான் வரும். தினமும் பெரம்பலூருக்கு பஸ் ஏறும் என்னவர், கோர்ட் அமீனா. ஊர் ஊராகப் போய் ஸம்மன் கொடுப்பதும், ஜப்தி உத்தரவை நிறைவேற்றுவதும் அவர் வேலை. ஸம்மன் கொடுக்கப் போகையில் துணைக்குப் போலீஸெல்லாம் கிடையாது. கையில் ஒரு பைதான்.

போன வருஷம் ஒரு வீட்டில், "யாருக்குடா நோட்டீஸ்?" என்று சட்டையைப் பிடித்துக் கீழே தள்ளிவிட்டார்கள். முழங்கையில் ரத்தத்தோடு வந்து நின்றார்.

"ஏங்க, எழுதிக் கொடுத்தீங்களா?"

"விடு, எதுக்கு வம்பு?"

நான் விடவில்லை. ஆஸ்பத்திரியில் காயத்தைக் காட்டி, மறுநாளே மேலதிகாரியிடம் எழுதிக் கொடுக்க வைத்தேன்.

சட்டம் இவர்களைக் கைவிடவில்லை, சகோதரிகளே. கடமையைச் செய்யும் அரசு ஊழியரைத் தடுப்பதற்காகத் தாக்கினால் இரண்டு வருஷம் வரை சிறை. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 353-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 132-ஆவது பிரிவு. காயமும் பட்டுவிட்டால் 121-ஆவது பிரிவின்படி ஐந்து வருஷம் வரை போகலாம். பழைய சட்டத்தில் இது மூன்று வருஷம்தான். கோர்ட் உத்தரவை நிறைவேற்றுகிற ஊழியரும் இதில் அடக்கம்.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? ஆண்கள் வெளியே போனபின் கதவைத் திறப்பது நாம்தானே! சிவில் வழக்கில், வீட்டிலிருக்கும் ஆண்பிள்ளையிடம்தான் ஸம்மனைக் கொடுக்கலாம் என்று ஒரு காலத்தில் இருந்தது. 1976-ல் வந்த திருத்தம், பெண்களிடமும் கொடுக்கலாம் என்றது. கிரிமினல் வழக்கிலும் 2024 முதல் அப்படியே.

வாங்க மாட்டேன் என்றால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். கோர்ட்டுக்குப் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். கை நீட்டினாலோ, சிவில் வழக்கோடு கிரிமினல் வழக்கும் சேரும்.

ஜப்தி என்றாலும் பதற வேண்டாம். பொழுது சாய்ந்தபின் ஜப்திக்காக வீட்டுக்குள் நுழையக் கூடாது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண்கள் கழற்றக்கூடாத தாலி போன்ற நகை, இவற்றைத் தொடக்கூடாது. உத்தரவைக் காட்டச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. வக்கீல் வைக்க வசதியில்லையா? பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டக் கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

ஆகவே, வீட்டு ஆண்கள் குரலை உயர்த்தினால், "அவர் என்ன பண்ணுவார், கோர்ட் கொடுத்ததைக் கொண்டு வந்திருக்கார்" என்று நாம் குறுக்கே நிற்கலாம். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, வாய்தா தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.