சேசிஸ் நம்பரோடு ஒரு சுற்று

கோவை ஹோப் காலேஜ் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை ஒன்பதே கால். தலைக்கு மேலே 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம். பாதிக் கார்கள் மேலே ஏறிப் போய்விடுவதால் அவிநாசி சாலையின் கீழ்ப்பகுதியில் இப்போது ஓரளவு நிம்மதியாகக் குறுக்கே கடக்க முடிகிறது. நான் போக வேண்டிய சர்வீஸ் சென்டர் அங்கிருந்து அரைக் கிலோமீட்டர் உள்ளே. வழியில் பேக்கரியில் ஒரு டீ, 15 ரூபாய்.

சூலூரில் விசைத்தறி வைத்திருக்கும் நண்பர் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். அவருடைய மாருதி சுஸுகி கிராண்ட் விட்டாரா 2025 மார்ச்சில் வாங்கியது. அந்த மாடலில் 39,506 வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக (ரீகால்) கம்பெனி 2025 நவம்பரில் அறிவித்தது. 2024 டிசம்பர் 9 முதல் 2025 ஏப்ரல் 29 வரை தயாரானவை. ஸ்பீடோமீட்டர் அசெம்பிளியில் பெட்ரோல் அளவு காட்டும் பகுதியும் அதற்கான எச்சரிக்கை விளக்கும் சரியான நிலவரத்தைக் காட்டாமல் போகலாம் என்பது காரணம். இந்த வண்டி உருவாகும் ஆலையிலேயே தயாராகும் டொயோட்டா ஹைரைடரிலும் இதே காரணத்துக்காக 11,529 வண்டிகளை அழைத்தார்கள். பெங்களூருவை அடுத்த பிடதியில் ஒரே கூரையின் கீழ் உருவாகும் இரட்டை வண்டிகள் இவை. ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தால் மற்றதற்கும் வந்துவிடுகிறது.

நண்பரின் போனுக்குக் குறுஞ்செய்தி வந்திருந்தது. அவர் படிக்கவில்லை. லோன் விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டிருக்கிறார். சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவரோடு வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். “தாராளமா வாங்க” என்றார்.

உள்ளே எட்டு வண்டிகள் வரிசையில் நின்றன. கழுவிய தரையின் ஈரம், கூலன்ட்டின் இனிப்பு வாடை, எங்கோ காற்றுத் துப்பாக்கியால் நட்டு கழற்றும் சத்தம். சர்வீஸ் அட்வைசர் இருபத்தைந்து வயதுப் பையன். கையில் டேப்லெட்.

“சின்ன செக்கப்தாங்க சார். ஒரு மணி நேரத்துல குடுத்தர்லாங்க.”

“செக்கப் மட்டும்தானுங்களா, எதாச்சும் மாத்துவீங்களா?” என்றார் நண்பர்.

“பாத்துட்டு, தேவைப்பட்டா மாத்துவோங்க.”

செக்கப் என்றால் எதைப் பார்ப்பார்கள் என்று தெரிந்துகொள்ளத்தானே வந்திருக்கிறேன். வாடிக்கையாளர் அறைக்கும் பணிமனைக்கும் நடுவே பெரிய கண்ணாடி. அதன் அருகே இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். சிறிது நேரத்தில் அட்வைசரே பக்கத்தில் போய்ப் பார்க்க அனுமதித்தார்.

மெக்கானிக் முதலில் செய்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. தன் போனை எடுத்து ஓடோமீட்டரைப் படம் பிடித்தார். 14,208 கிலோமீட்டர். அதே எண் ஜாப் கார்டிலும் ஏறியது. பிறகு பானெட்டைத் தூக்கி பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினார். கீறல் விழாமலிருக்க பிளாஸ்டிக் நெம்பி ஒன்றை வைத்து மீட்டரைச் சுற்றியிருந்த டிரிம்மை எடுத்தார். ‘டிக், டிக்’ என்று கிளிப்புகள் விடுபட்டன. ஸ்குரூக்களைக் கழற்றி, முழு மீட்டரையும் முன்னால் இழுத்து, பின்பக்கக் கனெக்டரை விரலால் அமுக்கி உருவினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் வயர் தொங்கும் கறுப்புக் குழி மட்டும் மிச்சம். பக்கத்து மேசையில் அட்டைப்பெட்டிக்குள் புது மீட்டர் தயாராக இருந்தது.

செக்கப் என்றார்கள். நான் பார்த்தது முழு மீட்டரை மாற்றும் வேலை. அட்வைசர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. மாற்றுகிறோம் என்றால் ஆள் பதறிவிடுவார் என்று மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் வண்டிக்காரருக்கு முழு விவரமும் முதல் வாக்கியத்திலேயே கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால் மீட்டரை மாற்றினால் பழைய கிலோமீட்டர் புது மீட்டரிலும் சரியாக ஏற வேண்டும். அது ஏறாவிட்டால், நாளை வண்டியை விற்கும்போது, மீட்டரைச் சுற்றிவிட்டான் என்ற பழி இவர் தலையில் விழும்.

புது மீட்டர் பொருத்தி, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் கருவியை மாட்டி ஏதோ பதிவேற்றினார்கள். எட்டிப் பார்த்தேன். 14,208. நண்பரிடம் சொல்லி ஜாப் கார்டில், மீட்டர் மாற்றப்பட்டது என்று எழுதி வாங்கச் செய்தேன். ஒரு மணி நேரம் என்றது ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. பில் தொகை பூஜ்யம்.

காத்திருந்த நேரத்தில் பொள்ளாச்சிக்காரர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தேங்காய் வியாபாரம். 2022 ஜூலையில் கிராண்ட் விட்டாராவை அறிமுகம் செய்தபோதே முன்பதிவு செய்தவர். செப்டம்பர் 26ஆம் தேதி விலை வெளியானது. ஷோரூம் விலை 10.45 லட்சத்தில் தொடங்கி 19.65 லட்சம் வரை. இவர் எடுத்தது ஸ்ட்ராங் ஹைப்ரிட். மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று கம்பெனி சொன்ன வண்டி.

“எவ்வளவு குடுக்குதுங்க?”

“இருபத்தஞ்சு அடிக்குதுங்க.”

வெளியே போய் அவருடைய வண்டியின் திரையைப் பார்த்தோம். சராசரி 22.4 என்றிருந்தது. மலை ஏறி இறங்கும் வண்டிக்கு அது நல்ல கணக்குதான். டிக்கியைத் திறந்து காட்டினார். பேட்டரி தரையை உயர்த்திவிட்டதால் பெரிய சூட்கேஸ் ஒன்று வைத்தாலே இடம் தீர்ந்துவிடும். அவருக்கு இருந்த ஒரே குறை அதுதான். எஞ்சின் பக்கம் இதுவரை ஒரு ரூபாய் செலவில்லை என்றார்.

அவருடைய வண்டி சந்தித்த ரீகால்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கிராண்ட் விட்டாரா விற்பனைக்கு வந்து நான்கு மாதம் முடிவதற்குள் மூன்று அறிவிப்புகள் வந்தன. முதலாவது 2022 டிசம்பர் 6. முன் இருக்கை பெல்ட்டின் தோள் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரில் ஒரு சிறு பாகம் சரியில்லை. அரிதாக பெல்ட் கழன்றுவிடலாம். நவம்பர் 2 முதல் 28 வரை தயாரானவை, சியாஸ், பிரெஸ்ஸா, எர்டிகா, எக்ஸ்எல்6 எல்லாம் சேர்த்து 9,125 வண்டிகள். அடுத்து 2023 ஜனவரி 18. ஏர்பேக் கன்ட்ரோலர். வேறு மாடல்களும் சேர்த்து 17,362 வண்டிகள். பாகத்தை மாற்றும் வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்று அறிவிப்பிலேயே கேட்டுக்கொண்டார்கள். ஐந்து நாள் கழித்து, ஜனவரி 23, மூன்றாவது. இது கிராண்ட் விட்டாராவுக்கு மட்டும். பின் இருக்கை பெல்ட் பொருத்தும் பிராக்கெட் நாளடைவில் தளரலாம் என்று 11,177 வண்டிகள். 2022 ஆகஸ்ட் 8 முதல் நவம்பர் 15 வரை தயாரானவை. பொள்ளாச்சிக்காரரின் வண்டி இதில் வந்தது.

“பயந்துட்டீங்களா?”

“எதுக்குங்க பயம்? கூப்பிட்டாங்க, போனேன், மாத்திக் குடுத்தாங்க. கூப்பிடாம இருந்தாத்தான் பயப்படோணும்.”

டேஷ்போர்டு பெட்டியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு ஜாப் கார்டும் துளையிட்டுக் கோத்திருக்கிறார். 2023 பிப்ரவரித் தாள் ஒன்றில் பின் பெல்ட் வேலை தனி வரியாகப் பதிவாகியிருந்தது.

நண்பரின் வண்டி வெளியே வந்ததும் நேராக பெட்ரோல் பங்குக்குப் போனோம். ஒரு கிலோமீட்டர் தூரம்தான். புது மீட்டரைச் சோதித்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். இந்த வண்டியின் டேங்க் 45 லிட்டர். பத்து லிட்டர் ஊற்றினால் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏற வேண்டும். ஆயிரத்துச் சொச்ச ரூபாய் கொடுத்து பத்து லிட்டர் போட்டோம். சாவி போட்டுச் சில நொடிகளில் மீட்டர் ஏறியது, ஏறக்குறைய கால் பங்கு. பழைய மீட்டரில் கோளாறு இருந்ததா என்று நண்பரைக் கேட்டேன். தெரியாது என்றார். பாதிக்குக் கீழே போகவே விடமாட்டாராம். பாலக்காடு போகும் வழியில் ராத்திரி பதினொரு மணிக்கு வண்டி நின்றிருந்தால்தான் தெரிந்திருக்கும்.

அங்கிருந்து ஆட்டோ பிடித்து காமராஜர் சாலை வழியாக சிங்காநல்லூர் போனேன். ஆட்டோக்காரர் 150 ரூபாய் கேட்டார். முதல் உரிமையாளர் கையில் இருக்கும்வரை ரீகால் செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. வண்டி கைமாறினால் என்ன ஆகிறது? அதைப் பார்க்கத்தான் போனேன். திருச்சி சாலையில் தெரிந்தவர் ஒருவர் கார் கன்சல்டிங், அதாவது பழைய கார் வியாபாரம், வைத்திருக்கிறார்.

தகரக் கொட்டகைக்குக் கீழே பதினைந்து வண்டிகள் இருந்தன. மூன்றாவதாக நின்றது சாம்பல் நிற கிராண்ட் விட்டாரா. கண்ணாடியில் சுண்ணாம்பால் 2022 என்று எழுதியிருந்தது. கேட்கும் விலை 9.75 லட்சம், 38,000 கிலோமீட்டர் ஓடியது.

“ரீகால் எல்லாம் முடிஞ்சுதுங்களா?”

“கம்பெனியிலேயே சர்வீஸ் பண்ணின வண்டிங்க. எல்லாம் பக்கா.”

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். தோள் பக்க அட்ஜஸ்டரை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன், பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தேன். இழுத்த இடத்தில் கச்சிதமாக நின்றது. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆர்.சி. கார்டை வாங்கினேன். பொடி எழுத்தில் தயாரிப்பு மாதம் 11/2022. நவம்பர் என்றால் டிசம்பர் அறிவிப்பிலும் வரலாம், ஜனவரி 23 அறிவிப்பிலும் வரலாம். தேதி ஆர்.சி.யில் கிடையாது. சேசிஸ் நம்பரை வைத்துத்தான் சொல்ல முடியும்.

பதினேழு எழுத்தையும் எண்ணையும் நான் வாசிக்க, அவர் தனக்குத் தெரிந்த சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு ஒப்பித்தார். ஸ்பீக்கரில் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பின் பெல்ட் பிராக்கெட் வேலை 2023 மார்ச்சில் முடிந்திருந்தது. முன் பெல்ட் அட்ஜஸ்டர் வேலை முடியவில்லை, வண்டியைக் கொண்டுவாருங்கள் என்றார் அந்தப் பக்கத்தில் பேசியவர்.

கன்சல்டிங்காரருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. முதல் உரிமையாளர் துபாய் போய்விட்டாராம், பழைய போன் நம்பர் இப்போது இல்லை. அந்த நம்பருக்கு எத்தனை குறுஞ்செய்தி போயிருக்குமோ!

அவர் மேசை மேல் படிவம் 29, படிவம் 30 கட்டாகக் கிடந்தன. உரிமை மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுப்பவை. ஒன்றை எடுத்து வரி வரியாகப் படித்தேன். விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர், முகவரி, சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், கடன் விவரம் எல்லாம் கேட்கிறார்கள். ரீகால் பாக்கி இருக்கிறதா என்ற கேள்வி எங்கும் இல்லை. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் ரீகால் விதிகள், தயாரித்து ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளின் குறைகளைப் பற்றிப் பொதுமக்களே வாகன் தளத்தில் புகார் செய்ய வழிவிட்டன. கட்டாய ரீகாலில் கம்பெனிக்கு 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதமும் உண்டு. அவ்வளவு யோசித்தவர்கள், வண்டி கைமாறும் அந்த மேசையில் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கலாம். சேசிஸ் நம்பர் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

மறுநாள் மாலை கன்சல்டிங்காரருக்குப் போன் செய்தேன். காலையிலேயே வண்டியை அனுப்பிவிட்டதாகச் சொன்னார். ஜாப் கார்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வாட்ஸப்பில் வந்தது. முன் பெல்ட் அட்ஜஸ்டர் வேலை, தொகை பூஜ்யம்.

புது மாடல் வண்டியில் ஆரம்ப ஆண்டுகளில் ரீகால் வருவதை நான் குறையாக எண்ணவில்லை. இந்த வண்டியை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். பழையதாக வாங்குகிறீர்கள் என்றால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.சி.யிலிருந்து சேசிஸ் நம்பரை எழுதிக்கொண்டு, அந்தக் கம்பெனியின் எந்த சர்வீஸ் சென்டரிலாவது கொடுத்து, பாக்கி ரீகால் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் விற்பவரையே முடித்துத் தரச் சொல்லி, ஜாப் கார்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய கையோடு உங்கள் போன் நம்பரை அங்கே பதிவு செய்துவிடுங்கள். படிவம் 30-இல் ரீகாலுக்கென்று ஒரு வரி சேர்க்கும் வேலையை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இனியும் தள்ளிப்போடக் கூடாது.