போனுக்குள்ள மேனேஜர்

ராத்திரி ரெண்டு மணி. மொட்டை மாடியில பாய விரிச்சுக் கெடக்கேன்.
கரிசக்காட்டுக் காத்து சிலுசிலுன்னு வீசுது. தூக்கம் மட்டும் வரல.
கீழ அத்தையோட குறட்டை மாடி வரைக்கும் கேக்குது.

காலையில கேட்டுட்டேன்.
"அத்தை, நீங்களும் பகல் முழுக்க தீப்பெட்டி ஆபீஸ்ல உக்காந்துதான வேலை பாக்கீங்க? எப்படி இப்படித் தூங்குதீங்க?"

"ஏ மருமவனே, குச்சிய அடைச்சுக் கணக்கக் குடுத்துட்டா எனக்குச் சோலி முடிஞ்சுது. ஒனக்கு வீட்டுக்கு வந்த பொறவும் போனுக்குள்ள மேனேஜர்லா உக்காந்திருக்காரு!"

அத்தை சும்மா சொல்லிட்ட இந்தச் சேதியத் தெரிஞ்சுக்கத்தான் நான் காசு கட்டி ஸ்லீப் ஆப் வாங்கினேன்.
அது என்ன பண்ணுதுன்னா, 'நன்றாகத் தூங்குங்கள்'னு நோட்டிபிகேஷன் அனுப்பி எழுப்பி விடுது.

போன் மட்டுமில்ல, டீயும்தான். அதுல இருக்குற காஃபின் உடம்புக்குள்ள போனா பாதி குறையவே சுமாரா 5 மணி நேரம் ஆகுமாம். ஆறு மணிக்குக் குடிச்ச டீ, பதினொரு மணிக்கும் பாதி உள்ளதான் நிக்குது.
உடம்போட கடிகாரம் எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்சவங்களுக்கு 2017ல மருத்துவ நோபலே குடுத்தாங்க. அந்தக் கடிகாரத்தச் சரிபண்றது காலை வெளிச்சம்.
நான் அந்த நேரம் போர்வைக்குள்ள கெடந்தேன்.

இப்போ விடியக்காலம் எங்க ஊரு கதிரேசன் மலைப் பக்கம் நடை.
வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம் வேகமா நடக்குற மாதிரி உடம்ப அசைக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.
ராத்திரி ஒம்பதுக்கு மேல ஆபீஸ் குரூப் மியூட்.
தூக்கம் பரவால்ல, எட்டிப் பாக்குது.

சாயங்கால டீயத்தான் விட முடியல.
விட்டவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க மக்கா, எப்படி விட்டீங்க?